பகை உலகும் இறைகாப்பும்: பனியனின் பயணியும் கிருஷ்ணபிள்ளையின் காவியமும்

1

சமய இலக்கியங்களை நோக்குமிடத்து எமது விமர்சன உலகில் இருவகை மனப்பாங்குகள் நெடுங்காலமாக நிலவி வந்துள்ளன. சமய நூல்களைத் தெய்விகம் எனப் போற்றி, அவை எழுந்த சமூகத்தைப் பற்றி வினவுவதையே அபசாரமாகக் கொள்வது ஒன்று. முற்போக்கு என்ற பெயரில் அந்நூல்களை முற்றாகப் புறந்தள்ளுவது மற்றையது. இரண்டாவது மனப்பாங்கினர், மதத்தை அபினுக்கு ஒப்பிட்ட மார்க்ஸின் ஒரு தொடரைத் துணைக்கு அழைப்பர். ஆயின், 1844 இல் வெளியான ஹெகலின் உரிமைத் தத்துவம் பற்றிய விமர்சனத்தின் முன்னுரையில், அத்தொடருக்குச் சற்று முன்னதாகவே மார்க்ஸ் வேறொன்றையும் கூறியுள்ளார். சமயத் துயரம் என்பது மெய்யான துயரத்தின் வெளிப்பாடாகவும் அத்துயரத்துக்கு எதிரான குரலாகவும் ஒருங்கே அமைகின்றது என்பதே அது. முற்பகுதியை விடுத்துப் பிற்பகுதியை மாத்திரம் எடுத்தாள்வது மார்க்சிய நோக்கு ஆகாது. எங்கெல்ஸ் 1850 இல் ஜெர்மானிய விவசாயிகள் யுத்தம் பற்றியும், தமது இறுதிக் காலத்தில் ஆதிக் கிறித்தவம் பற்றியும் எழுதியவை இந்த ஒருங்கிணைந்த நோக்கின் நடைமுறைப் பிரயோகங்களாகும்.

இப்பின்னணியில் கிறித்தவ இலக்கியத்தின் மையமான கருக்களில் ஒன்றை ஈண்டு ஆராய முற்படுகின்றோம். பகைமை சூழ்ந்த உலகிலே விசுவாசி இறைவனது காப்பின்கீழ் வழுவாது வாழ்கிறான் என்பதே அக்கரு. வேதாகமத்தின் சங்கீதங்களிலிருந்து இன்றைய ஞானப்பாட்டுகள் வரை இது தொடர்ந்து வருவது. தொடர்ந்து வருவதனாலேயே இது காலத்துக்கும் இடத்துக்கும் அப்பாற்பட்டது என்ற மயக்கமும் ஏற்படுகின்றது. எமது கருத்து இதற்கு மாறானது. பகை உலகம் எனும்போது அது யாருடைய உலகம், காப்பு எனும்போது எதிலிருந்து எதனாற் காப்பு ஆகிய வினாக்களை எழுப்பினால், ஒரே கரு வெவ்வேறு வர்க்கங்களின் கையில் வெவ்வேறு பொருளை ஏற்பது புலனாகும். ஜோன் பனியன் 1678 இல் வெளியிட்ட பயணியின் முன்னேற்றமும், அதனைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை இயற்றி 1894 இல் நூலுருப்பெற்ற இரட்சணிய யாத்திரிகமும் இவ்வாய்வுக்கு மிகவும் பொருத்தமானவை. கதை ஒன்று, அது நிகழும் சமூகங்கள் இரண்டு. கைலாசபதி தமது ஒப்பியல் இலக்கியம் (1969) என்னும் நூலில் வலியுறுத்தியவாறு, ஒப்பீட்டின் பயன் ஒற்றுமைகளைப் பட்டியலிடுவதில் இல்லை. வேற்றுமைகளின் சமூகக் காரணங்களைத் துலக்குவதிலேயே உள்ளது.

2

பனியன் 1628 இல் பெட்பர்ட் நகருக்கு அருகேயுள்ள எல்ஸ்டோ கிராமத்தில், பாத்திரங்கள் பழுதுபார்க்கும் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தாமும் அத்தொழிலையே செய்தார். உள்நாட்டு யுத்தத்தின்போது பாராளுமன்றப் படையிற் பணியாற்றினார். மன்னனுக்கு மரணதண்டனை விதித்த 1649 ஆம் ஆண்டும், மன்னராட்சி மீண்டும் நிறுவப்பட்ட 1660 ஆம் ஆண்டும் அவர் தலைமுறையினரின் வாழ்வை வகுத்தன. 1660 நவம்பரில், அனுமதியின்றிப் பிரசங்கம் செய்தமைக்காக அவர் சிறைப்படுத்தப்பட்டார். இனிப் பிரசங்கிப்பதில்லை என்ற ஒரு வாக்குறுதி அவரை விடுவித்திருக்கும். அதனை அவர் வழங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறையில் இருந்தார். நான்கு பிள்ளைகளில் ஒருத்தி கண்பார்வையற்றவள். சிறையில் நாடாக்கள் செய்து விற்றே குடும்பத்துக்கு உதவ வேண்டியிருந்தது.

இவருக்கு வாய்த்த பகை உலகம் கற்பனையான பிசாசுகளின் உலகமன்று. நீதவான்களும் நிலவுடைமையாளரும் அரச திருச்சபையும் சேர்ந்த உலகம் அது. நூலின் உயிர்நாடியான மாயச் சந்தைப் பகுதி இதனைத் தெளிவாகக் காட்டுகின்றது. அச்சந்தையில் வீடும் நிலமும் பட்டமும் பதவியும் இராச்சியமும் மட்டுமன்றி, மனித உடலும் உயிரும் ஆன்மாவும்கூட விற்பனைக்கு உள்ளன. அனைத்தையும் பண்டமாக்கும் சமூகம் இங்கிலாந்திற் கருக்கொண்ட காலத்திலேயே, ஒரு தொழிலாளி அதனைத் தன் விழியாற் கண்டு உருவகப்படுத்தியுள்ளார். பயணிகள் இருவரும் அங்கே பிடிபடுவதற்குக் காரணமும் மனங்கொள்ளத்தக்கது. அவர்கள் எதையும் வாங்க மறுக்கின்றனர். உண்மையை மாத்திரமே வாங்குவோம் என்கின்றனர். சந்தைக்கு அதுவே பெருங்குற்றமாகின்றது.

தொடர்ந்து வரும் விசாரணைக் காட்சியில், விசுவாசத்தின் பெயர்கொண்ட பயணியை விசாரிக்கும் நீதிபதி ஒரு பிரபு. நன்மையை வெறுப்பவன் என்பது அவனது பெயர். சாட்சி ஒருவன், குற்றவாளி எமது கனவான்களை இழிவாகப் பேசினான் என முறையிட்டு, அக்கனவான்களின் பெயர்களை அடுக்குகின்றான். காமம், பேராசை, வீண்புகழ் முதலிய தீக்குணங்கள் யாவும் பிரபுப் பட்டங்களுடன் அங்கே அணிவகுக்கின்றன. முன்முடிவு செய்துவிட்ட யூரர்கள், சட்டங்களைத் தேடியெடுத்துப் பொருத்தும் நீதிபதி ஆகியோரெல்லாம் பனியன் தாம் நின்ற நீதிமன்றத்தில் நேரிற் கண்டவர்களே. சந்தர்ப்பவாதியான மற்றொரு பாத்திரம், சமயம் செல்வமும் செல்வாக்கும் பெற்று உலவும்போது மட்டும் அதனுடன் கூட நடக்க விரும்புகின்றது. அதன் உறவினர் பலரும் பிரபுக்களும் கனவான்களுமே. ஐயுறவுக் கோட்டையின் அதிபதியான அவநம்பிக்கை என்னும் அரக்கனோ ஒரு நிலச்சொந்தக்காரன். தனது நிலத்தில் அத்துமீறி நுழைந்து உறங்கினர் என்பதே பயணிகள்மீது அவன் சுமத்தும் குற்றம். பொதுநிலங்கள் வேலியிடப்பட்ட ஒரு நாட்டிலேதான் அவநம்பிக்கைக்கு இத்தகைய உருவம் வாய்க்கும்.

அக்கோட்டையிலிருந்து அவர்கள் எவ்வாறு தப்பினர் என்பதே எமது வினாவுக்கு நேரடியாக விடை தருவது. வானிலிருந்து தூதர் இறங்கி வரவில்லை. பட்டினியும் அடியும் பட்டுக் கிடக்கையில், தன் மார்புச் சட்டைக்குள்ளேயே வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் இருப்பது பயணியின் நினைவுக்கு வருகின்றது. இறைகாப்பு இங்கே புறத்தேயிருந்து வரும் மீட்பன்று. ஒடுக்கப்பட்டோர் தம்முள் ஏந்தியிருக்கும் உறுதியாகும். இவ்வுலகில் வேறு புரவலர் எவருமற்ற மக்களின் இறைகாப்பு அவ்வாறுதான் அமைய முடியும். ஈ. பி. தொம்சன், ஆங்கிலத் தொழிலாளர் வர்க்கத்தின் உருவாக்கம் பற்றிய தமது நூலில் (1963) பனியனின் இந்நூலைத் தோமஸ் பெயினின் மனித உரிமைகளுடன் இணைத்து, அவ்வியக்கத்தின் இரு அடிப்படை நூல்களாகக் கணித்தமை இதனாலேயே. கிறிஸ்தோபர் ஹில் 1988 இல் வெளியிட்ட பனியன் பற்றிய விரிவான ஆய்வும் இத்திசையிலேயே செல்கின்றது. ராணி ரணவலோனா 1835 இல் மடகஸ்கரிற் கிறித்தவத்தைத் தடைசெய்த பின்னர், இந்நூலின் மலகாசி மொழியாக்கத்தைத் தலைமறைவான விசுவாசிகள் கையெழுத்துப் படிகளாகப் போற்றிப் படித்தனர். எளிய உரைநடை அதற்கு வழிசெய்தது.

ஆயினும் பனியனின் நோக்கிற் குறைபாடுகள் இல்லாமலில்லை. அவர் படைத்த பயணி மனைவியையும் மக்களையும் விட்டு, காதைப் பொத்திக்கொண்டு தனியே ஓடுகின்றான். 1684 இல் வந்த இரண்டாம் பாகத்தில் மனைவியும் பிள்ளைகளும் கூட்டாகப் பயணம் செய்வது இக்குறையை ஓரளவு ஈடுசெய்கின்றது. அன்றியும், பகை உலகம் என்ற உணர்வு தன்னளவில் முற்போக்கானது எனவும் நாம் கூறவில்லை. பனியன் கைதான அதே 1660 இல், ஒடுக்குமுறைக்குத் தப்பிக் கடல் கடந்த பியூரிட்டன்கள் பொஸ்ரனில் மேரி டயர் என்னும் குவேக்கர் பெண்ணைத் தூக்கிலிட்டனர். அதிகாரத்தைப் பெற்ற பின்னும் தம்மைப் பகையால் சூழப்பட்டோராகவே கருதும் சமூகம் எதுவும் இந்நிலைக்கு ஆளாகலாம்.

3

இனித் திருநெல்வேலிக்கு வருவோம். கிருஷ்ணபிள்ளையின் காவியம் எழுந்த களம் அதுவாகலின், அங்கே கிறித்தவர்க்குப் பகை உலகம் எதுவாக இருந்தது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அப்பகுதிச் சீர்திருத்தக் கிறித்தவம் பனையேறும் தொழிலாளரிடையே வேரூன்றியது. மதம் மாறியோரின் வீடுகளும் செபக்கூடங்களும் தாக்கப்பட்டன. பிறர் நிலத்திற் குடியிருந்த அவர்களை வெளியேற்றுவது எளிதாயிருந்தது. 1799 இல் தாவீது சுந்தரானந்தம் என்னும் உபதேசியாரின் முயற்சியால், துன்புறுத்தப்பட்டோர் ஒதுங்கி வாழ ஓர் ஊர் உருவாக்கப்பட்டது. அடைக்கல ஊர்களுள் முதலாவதான அதற்கு முதலூர் என்றே பெயர் வழங்கியது. 1820 இல் பாளையங்கோட்டைக்கு வந்த றேனியஸ் காலத்தில், 1830 இல், தர்ம சங்கம் நிறுவப்பட்டது. நிலம் வாங்கி அடைக்கல ஊர்களை அமைப்பது அதன் முதன்மையான பணி. 1840களில் விபூதிச் சங்கம் என்ற பெயரில் எதிர்ப்பு அமைப்புரீதியாகத் திரண்டபோது, இவ்வூர்களின் அவசியம் மேலும் தெளிவாகியது.

அரசு கிறித்தவருடையது; ஆதலின் பகை எங்கே என்று சிலர் வினவக்கூடும். சென்னை மாகாணத்தில் 1817 ஆம் ஆண்டின் ஒழுங்குவிதியின்படி ஆலய நிர்வாகத்தையே கொம்பனி அரசு மேற்பார்வை செய்தது. வருவாய்த் துறையின் உள்ளூர் அதிகாரம் உயர்சாதியினரிடம் இருந்தது. எனவே பனையேறிக்கு வாய்த்த பகை உலகம் நிலவுடைமையும் சாதியும் கச்சேரியும் பிணைந்த ஒன்று. பனியனுடைய மாயச் சந்தையின் நீதிமன்றத்திலிருந்து அது அடிப்படையில் வேறுபட்டதன்று.

ஆனால் காப்பு என்பதன் பொருள் இங்கே பெரிதும் மாறுகின்றது. திருநெல்வேலியின் ஏழை விசுவாசிக்கு இறைகாப்பு என்பது கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டு நிலம். நிலக்காரன் வெளியேற்ற முடியாத குடியிருப்பு, கிணறு, செபக்கூடம், பள்ளிக்கூடம் ஆகியன சேர்ந்ததே அது. அவ்வட்டாரத்து ஊர்ப் பெயர்களை நோக்கினால் இது விளங்கும். மெஞ்ஞானபுரம், சுவிசேஷபுரம், கடாட்சபுரம், ஆனந்தபுரம் என அவை வருகின்றன. பனியன் ஏட்டிற் படைத்த உருவகப் பெயர்களை ஒத்தவற்றை இம்மக்கள் மண்ணின்மீது இட்டனர். மோட்சப் பயணத்தின் இடைத்தங்கல்கள் அவர்களுக்கு உண்மையான ஊர்களாயின.

இதனை இலட்சியப்படுத்தவும் நாம் விரும்பவில்லை. அடைக்கல ஊரில் நிலத்தின்மீதான அதிகாரம் மிஷனிடம் இருந்தது. சபை ஒழுக்கம் பற்றிய தீர்ப்பும் அதனிடமே இருந்தது. காப்பளித்த கையே கட்டுப்படுத்தும் கையாகவும் விளங்கிற்று. பனியனின் பயணிக்கு இல்லாத ஒரு புரவலர் இங்கே தோன்றிவிட்டார். காலனித்துவச் சூழலில் இறைகாப்பும் மிஷன் காப்பும் ஒன்றுடன் ஒன்று மயங்கும் நிலை இவ்வாறு ஏற்பட்டது.

4

கிருஷ்ணபிள்ளை 1827 இல் திருநெல்வேலியை அடுத்த கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பமொன்றிற் பிறந்தார். கம்பராமாயணத்திலும் தமிழிலக்கண இலக்கியங்களிலும் துறைபோனவர். சாயர்புரத்து மிஷன் கல்விநிலையத்திற் தமிழாசிரியராக இருந்தபோது கிறித்தவத்தின்பால் ஈர்க்கப்பட்டு, 1858 இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அதே 1858 இன் இறுதியில், திருநெல்வேலியிலே தாழ்த்தப்பட்ட சாதிக் கிறித்தவர் ஒருவரின் சடலத்தைப் பொதுவீதி வழியாகக் கொண்டுசெல்வது பற்றிய தகராறு கலவரமாகி, துப்பாக்கிச் சூட்டில் முடிந்தது. ஒரே ஆண்டின் இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குதல் பயனுடையது. உயர்சாதிப் புலவர் ஒருவர்க்கு மதமாற்றம் உறவினரின் பிரிவையும் மன வேதனையையும் தந்தது. பனங்காட்டு மக்களுக்கோ இறந்த பின்னர் வீதியிற் செல்லும் உரிமையே வழக்காயிற்று. இருவரும் ஒரே விசுவாசத்தைக் கொண்டவர்கள். ஆயினும் இருவர்க்கும் வாய்த்த பகை உலகம் ஒன்றன்று. இன்னும் துலக்கமாகக் கூறின், புலவர் பிறந்த சமூகப் பிரிவு மற்றையோரின் பகை உலகத்தின் ஒரு கூறாகவே இருந்தது.

இம்முரண்பாடு காவியத்தின் உருவத்தில் நேரடியாக வெளிப்படுகின்றது. பனியனின் நூல் தமிழில் உரைநடையாகவும் மொழிபெயர்க்கப்பட்டது. பரதேசியின் மோட்சப் பிரயாணம் எனச் சபைகளிற் பரவலாகப் படிக்கப்பட்டது. கிருஷ்ணபிள்ளை அவ்வழியைத் தெரிந்தெடுக்கவில்லை. நற்போதகம் என்னும் இதழிற் தொடராக வெளியிட்ட தமது ஆக்கத்தை, ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய என்னும் ஐந்து பருவங்களாக வகுத்து, மூவாயிரத்து எழுநூற்றுக்கும் மேற்பட்ட செய்யுட்களில் விருத்தக் காவியமாக அமைத்தார். கிறித்தவக் கம்பர் என்ற பட்டம் அவர்க்கு வழங்கலாயிற்று.

இத்தெரிவை வெறும் புலமைச் செருக்கு எனக் கொள்வது தவறாகும். கிறித்தவம் அந்நியர் மதம், தாழ்ந்தோர் மதம் என்ற ஏளனம் நிலவிய காலத்தில், தமிழின் உயர்ந்த காவிய உருவத்தை அதற்கு உரித்தாக்கியமை ஒரு பண்பாட்டுப் போராட்டமே. ஆயின் அவ்வுருவம் வர்க்கச் சார்பற்ற ஒரு பாத்திரமன்று. அரசவையையும் நிலப்பிரபுத்துவப் புரவலரையும் சார்ந்து வளர்ந்த காவிய மரபு, தனக்கென ஒரு கருத்துநிலையையும் உடன்கொண்டு வருவது. பனியன் பழுதுபார்க்கும் தொழிலாளியின் வீட்டுமொழியில் எழுதினார். கிருஷ்ணபிள்ளையின் காவிய மொழியோ பனையேறும் தொழிலாளிக்கு மறுக்கப்பட்டிருந்த கல்வியின் மொழி. பகைவரைப் பிரபுக்கள் என்று சுட்டிய பனியனின் கூர்மை, தீக்குணங்களின் பொதுமையான உருவகங்களாகக் காவியத்தில் தணிந்துவிடுகின்றது. இறைகாப்பும் குடிகளைக் காக்கும் செங்கோல் மன்னனின் காப்பு என்னும் சாயலைப் பெறுகின்றது. பனியனும் இறைவனை அரசன் என்றே அழைத்தார். ஆனால் மன்னராட்சியாற் சிறையிடப்பட்டவன் இறைவனையே தன் அரசன் என்பதற்கும், பேரரசின் நிழலில் வாழும் புலவர் அவ்வாறு கூறுவதற்கும் வேறுபாடு உண்டு.

முதலூரும் மெஞ்ஞானபுரமும் காவிய வருணனையின் எல்லைக்குள் வரவில்லை. நிலம் வாங்கி ஊர் அமைத்த மக்களின் கூட்டுமுயற்சிக்கு அங்கே இடமில்லை. திருநெல்வேலிக் கிறித்தவத்தின் மாபெரும் இலக்கியப் படைப்பு, அக்கிறித்தவத்தின் பெரும்பான்மையோரது வரலாற்று அனுபவத்தைத் தன்னுள் ஏற்கவில்லை என்பது எமது முதன்மையான குற்றச்சாட்டு.

5

ஆயினும் இத்துடன் நிறுத்தினால் நாமும் அரைகுறை விமர்சனத்துக்கே ஆளாவோம். நல்ல படைப்பாளியின் ஆக்கத்தில், அவனது சமூகச் சார்பையும் மீறி உண்மை வெளிப்படும் இடங்கள் உண்டு. இரட்சணிய யாத்திரிகத்தில் அத்தகைய இடங்கள் இரண்டைக் குறிப்பிடலாம்.

முதலாவது, குமார பருவத்து இரட்சணிய சரிதப் படலம். பனியனில் இல்லாத இயேசுவின் பாடுகளைக் கிருஷ்ணபிள்ளை தமது காவியத்தில் விரிவாகச் சேர்த்துள்ளார். தலைவனைத் தேரிலும் யானையிலும் ஏற்றிப் பழகிய விருத்தம், இங்கே கட்டுண்டு, அடிபட்டு, ஏளனத்துக்கு ஆளாகி நிற்கும் ஒருவனைத் தலைவனாக ஏற்கின்றது. காவியத் தலைவனுக்குரிய பெருமிதம் பொறுமைக்கும் மௌனத்துக்கும் மாற்றப்படுகின்றது. நிலப்பிரபுத்துவக் காவிய மரபின் உள்ளிருந்தே அதன் வீர விழுமியம் கேள்விக்குள்ளாகும் இடம் இது. தண்டனை பெற்றவனே நிரபராதி, தீர்ப்பளித்தவனே குற்றவாளி என்ற தலைகீழாக்கம், கச்சேரிப் படிகளில் நின்று திரும்பிய ஏழை விசுவாசிக்குப் புரியாத ஒன்றன்று.

இரண்டாவது, நிதான பருவம். பனியனின் விசுவாசப் பயணி இங்கே நிதானி எனப் பெயர் பெறுகின்றான். ஒரு பருவத்தின் பெயரே அவனது பண்பை நினைவூட்டுவதாயிருப்பது தற்செயலானதன்று. அவனது உயிர்த்தியாகத்தை ஆசிரியர் எத்துணை முக்கியமாகக் கொண்டார் என்பதற்கு அது சான்று. உற்றார் முகந்திருப்பிய நாட்களை நேரில் அறிந்தவர் கிருஷ்ணபிள்ளை. தாம் கிறித்தவரான வரலாற்றை அவர் தனியே எழுதியுமுள்ளார். அவ்வனுபவத்தின் வெம்மை காவிய மரபின் அலங்காரங்களை ஊடறுத்து வெளிப்படும் இடங்கள் இப்பகுதியில் உண்டு. காவியத்தினிடையே வரும் தேவாரம் என்னும் இசைப்பாக்களிலும் இதே நெகிழ்ச்சியைக் காணலாம். கற்றோர்க்கான விருத்தத்தை விட்டு, கூடிப் பாடுவோர்க்கான பாடலுக்கு அவர் இறங்கிவரும்போது, 'நான்' 'நாம்' ஆகின்றது. காவியத்தின் நெடும் பகுதிகள் பண்டிதரிடையே நின்றுவிட, தேவாரங்கள் சபைகளின் நாவிற் பயின்றமைக்கு இது காரணமாகலாம்.

இங்கு நாம் கவனிக்கவேண்டியது யாதெனில், இரு இடங்களிலும் இறைகாப்பு துன்பத்தை நீக்குவதாக இல்லை. இயேசுவும் இறக்கின்றார், நிதானியும் இறக்கின்றான். காப்பு என்பது உடலுக்கன்று, உறுதிக்கே என்ற கருத்தில் கிருஷ்ணபிள்ளை பனியனை மிக நெருங்குகின்றார். வாக்குத்தத்தத்தின் திறவுகோலை அவர் உண்மையாகவே ஏந்தும் இடங்கள் இவை.

6

இதுவரை கூறியவற்றிலிருந்து பெறப்படுவன சில. பகை சூழ்ந்த உலகில் இறைகாப்பு என்னும் கருவுக்கு நிலையான அரசியல் உள்ளடக்கம் கிடையாது. புரவலரற்ற பனியனின் கையில் அது அடிபணிய மறுக்கும் உறுதியாயிற்று. திருநெல்வேலிப் பனங்காட்டில் அது நிலமும் ஊருமாயிற்று. கூடவே மிஷன் ஆதிக்கத்தின் கருத்துநிலையாகவும் ஆயிற்று. கிருஷ்ணபிள்ளையின் காவியத்தில் இவ்விரு போக்குகளும் முரண்பட்டு நிற்கின்றன. அம்முரண்பாடே அந்நூலை வெறும் மொழிபெயர்ப்பாகவோ வெறும் பிரசாரமாகவோ ஆகாமற் காத்து, ஆய்வுக்குரிய இலக்கியமாக்குகின்றது.

அபின் என்று ஒதுக்கும் விமர்சனம் முதலூர் மக்களின் போராட்டத்தைக் காணத் தவறுகின்றது. தெய்விகம் என்று போற்றும் விமர்சனமும் அதே மக்களையே மறைக்கின்றது. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு நிலைப்பாடுகளும் உழைக்கும் மக்களை இலக்கிய வரலாற்றிலிருந்து விலக்குவதில் ஒன்றுபடுகின்றன. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தைப் பாடத்திட்டத்தின் ஒரு மூலையில், பிறநாட்டார் தொண்டு என்னும் தலைப்பின்கீழ் ஒதுக்கிவைக்கும் வழக்கமும் இதன் விளைவேயாகும். கிருஷ்ணபிள்ளையை வீரமாமுனிவருக்கு அடுத்த பெயராக மனனம் செய்யும் மாணவர், அவரை 1858 இன் திருநெல்வேலியில் வைத்து அறிவதில்லை.

ஆகவே செய்யவேண்டிய பணி இரு முனைப்பட்டது. காவியத்தை அதன் சமூகச் சூழலில் வைத்து மீண்டும் படித்தல் ஒன்று. காவியத்துள் இடம்பெறாத மக்களின் குரலை, அவர்களது கீர்த்தனைகளிலும் சபை ஏடுகளிலும் ஊர்ப் பெயர்களிலும் வாய்மொழி வழக்குகளிலும் தேடுதல் மற்றையது. முதற்பணி நடைபெறாவிடின் இரண்டாவது வெறும் தகவற் சேகரமாகும். இரண்டாவது நடைபெறாவிடின், முதலாவது பண்டிதரைப் பற்றிப் பண்டிதர் எழுதும் மற்றொரு அத்தியாயமாகவே முடிந்துவிடும்.